வினாகிரிப் போத்தலும் அடுப்புச் சாம்பலும்

(தோட்டத்து மாதர் கூட்டத்தில் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் ஒருவர் ஆற்றிய பேச்சு. பேசிய நடையிலேயே, சிறு திருத்தங்களுடன் தருகிறோம்.)

அன்பான தாய்மார்களே, அக்காமார்களே, தங்கச்சிமார்களே, கதவோரத்தில் நின்றுகொண்டு "இது பொம்பளைங்க விசயம்" என்று பார்க்கிற அண்ணன்மார்களே!

கொழுந்து நிறுத்துவிட்டு, கால் கழுவக்கூட நேரமில்லாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்கமாட்டேன். வீட்டைத் துப்புரவாக்க வினாகிரியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும்படி கேட்டார்கள். அதைச் சொல்கிறேன். கூடவே, எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் சொல்லப் போகிறேன். அந்த இரண்டாவது பகுதிக்காகத்தான் முக்கியமாக வந்தேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இப்போது பிள்ளைகள் போனில் காட்டுகிறார்கள். வினாகிரியை ஊற்றினால் கறை போகும், நாற்றம் போகும், துரு போகும், கிருமி சாகும், எல்லாம் போகும் என்கிறார்கள். கேட்டால் சாமி மருந்து போல இருக்கும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் காசு நட்டம். ஒரு விசயத்தில் மட்டும் தவறினால் உயிருக்கே ஆபத்து.

வினாகிரி என்றால் என்ன?

முதலில் பெயரைப் பார்ப்போம். வினாகிரி என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மேசை, அலுமாரி, சாவி என்று நாம் தினமும் சொல்கிறோமே, அவையும் அவர்கள் சொல்தான். இந்தியாவில் நம் சொந்தக்காரர் இதையே வினிகர் என்பார்கள்.

நம் நாட்டில் நல்ல வினாகிரி தென்னங்கள்ளில் இருந்து வருகிறது. களுத்துறைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தென்னைமரங்களுக்கு இடையில் கயிறு கட்டி, மரத்துக்கு மரம் கயிற்றிலேயே நடந்து போய் கள் இறக்குவார்கள். கள்ளில் உள்ள இனிப்பு முதலில் புளித்துச் சாராயச் சத்தாக மாறும். அதைக் காற்றுப்பட வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை நுண்ணுயிர் அதை அசற்றிக் அமிலமாக மாற்றிவிடும். இது நுண்ணுயிரின் வேலை என்று 1860களில் காட்டியவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். வெறிக்கிற சாமான் போய், புளிக்கிற சாமான் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

கடையில் இரண்டு விதம் இருக்கும். ஒன்று இயற்கை வினாகிரி. மற்றது செயற்கை வினாகிரி, அதாவது அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. போத்தலில் எழுதியிருக்கும், வாசித்து வாங்குங்கள். வாசிக்க முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுங்கள். அச்சாறுக்கும் கறிக்கும் இயற்கை வினாகிரி. வீடு துடைக்க, பாத்திரம் கழுவ விலை குறைந்தது போதும்.

இரண்டிலும் 100 பங்கில் 4, 5 பங்குதான் அமிலம். மீதி பெரும்பாலும் தண்ணீர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

புளிப்பும் காரமும்

அழுக்கில் இரண்டு சாதி உண்டு. இது தெரிந்தால் போதும், எந்தக் கறைக்கு எதைப் போடுவது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

சுண்ணாம்புப் படிவு, துரு, பித்தளைக் களிம்பு, மூத்திர நாற்றம், இவை ஒரு சாதி. இவை புளிப்புக்குக் கரையும், அல்லது அடங்கும். அதனால்தான் நம் பாட்டிமார் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். எலுமிச்சங்காய்த் தோலைப் போட்டுத் தேய்த்தார்கள். அவர்கள் வினாகிரி வாங்கவில்லை. ஆனால் வேலை ஒரே வேலைதான்.

எண்ணெய்ப் பிசுக்கு, கொழுப்பு, அடுப்படிப் பிசின் இன்னொரு சாதி. இவை புளிப்புக்கு மசியாது. இவற்றுக்குக் காரம் வேண்டும். காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை. சாம்பல், சவர்க்காரம், அப்பச்சோடா, இவைதான் காரம். விறகுச் சாம்பலில் இயற்கையாகவே காரச் சத்து இருக்கிறது. அது எண்ணெயைப் பிடித்து இழுத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். பொச்சுமட்டையில் சாம்பலைத் தொட்டுச் சட்டி தேய்த்தாரே உங்கள் அம்மாயி, அவர் விசயம் தெரியாமல் செய்யவில்லை.

அதனால் கறிச்சட்டிக்கு வினாகிரி ஊற்றிக் காசைக் கரைக்காதீர்கள். சாம்பல் போதும், சவர்க்காரம் போதும்.

இன்னொன்று. போனில் பார்த்திருப்பீர்கள், அப்பச்சோடாவைப் போட்டு மேலே வினாகிரியை ஊற்றுவார்கள். பொங்கி நுரைத்துக்கொண்டு வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புளிப்பும் காரமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நுரை அடங்கியபின் மிஞ்சுவது உப்புத்தண்ணி மாதிரி ஒன்று. அதில் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. இரண்டு சாமானுக்கும் காசு கொடுத்துவிட்டு உப்புத்தண்ணியில் கழுவுகிறோம். சாம்பலோடு வினாகிரி சேர்த்தாலும் அதே கதைதான். இன்றைக்கு இது, வேண்டுமானால் நன்றாகக் கழுவிவிட்டுப் பிறகு அது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

வினாகிரி நன்றாகச் செய்யும் வேலைகள்

750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 50 மேசைக்கரண்டி இருக்கும். ஒரு வேலைக்கு இரண்டு கரண்டி என்றால் 25 தடவை. அளந்து பாவித்தால் நிறைய நாளைக்கு வரும். போத்தலைச் சாய்த்து ஊற்றினால் ஒரு கிழமைதான்.

ஒன்று, பிளாஸ்க்கும் தேத்தண்ணிக் கோப்பையும். நாம் தேயிலையோடு வாழ்கிறவர்கள். சாயம் பிடித்த பிளாஸ்க் இல்லாத வீடு இல்லை. பிளாஸ்க்கில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரியும், ஒரு பிடி அரிசியும், கால்வாசி இளஞ்சூட்டுத் தண்ணியும் போட்டு மூடிக் குலுக்குங்கள். அரிசி உள்ளே போய்த் தேய்க்கும். பிறகு மூன்று தடவை நல்ல தண்ணியில் கழுவுங்கள். கோப்பைக்கு ஒரு சிட்டிகை உப்பும் சில துளி வினாகிரியும் தொட்டுத் தேய்த்தால் போதும்.

இரண்டு, கேத்தல். நம் மலைப்பக்கத்துப் பீலித் தண்ணி பெரும்பாலும் மெல்லிய தண்ணி. ஆனால் வவுனியா, கிளிநொச்சி என்று போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் செதில் பிடித்திருக்கும். அது சுண்ணாம்பு. அதற்கு வினாகிரியைப் போல லேசான மருந்து இல்லை. ஒரு பங்கு வினாகிரி, இரண்டு பங்கு தண்ணி விட்டுச் சுட வைத்து, அரைமணி நேரம் விட்டுக் கழுவினால் உதிர்ந்து வந்துவிடும். லீவுக்குப் போகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

மூன்று, அலுமினியச் சட்டி. உள்ளே கறுத்துப் போயிருந்தால், சட்டியில் தண்ணி விட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்து, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். வெளுக்கும். இறக்கியதும் ஊற்றிவிடுங்கள். இரவு முழுக்க அப்படியே வைத்தால் அமிலம் அலுமினியத்தையே அரித்துவிடும்.

நான்கு, பிள்ளை நனைத்த மெத்தை. பாயானால் கழுவிக் காயவைக்கலாம். மெத்தையை என்ன செய்வது? அதுவும் மாசக்கணக்கில் மழையும் பனியுமாக இருக்கிற இடத்தில்? ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சரிபாதி தண்ணி கலந்த வினாகிரியைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மூத்திர நாற்றத்துக்குக் காரணம் அமோனியா என்ற காரம். புளிப்புப் பட்டதும் அது அடங்கும். வினாகிரி வாடை காய்ந்ததும் போய்விடும். பிள்ளையை அடிக்காதீர்கள், மெத்தையைத் துடையுங்கள். பிள்ளைக் காம்பராவில் இத்தனை வருசம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐந்து, சாப்பாட்டுப் பெட்டி. கருவாட்டுக் குழம்பு கொண்டுபோன பிளாஸ்டிக் பெட்டியை முதலில் சவர்க்காரத்தில் கழுவுங்கள். பிறகும் வாடை இருந்தால் ஒரு கரண்டி வினாகிரியும் தண்ணியும் விட்டு அரைமணி நேரம் வையுங்கள்.

ஆறாவது அண்ணன்மாருக்கு. கவ்வாத்துக் கத்தி துருப்பிடித்திருக்கிறதா? வெட்டுவாயை ஒரு துணியால் சுற்றி, துணி நனைய வினாகிரி ஊற்றி, ஓர் இரவு வைத்திருங்கள். கத்தியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காலையில் தும்பால் தேய்த்தால் துரு கழன்று வரும். உடனே கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் பூசுங்கள். எண்ணெய் பூச மறந்தால் அடுத்த நாளே மறுபடி துருப்பிடிக்கும். பிறகு என்னைத் திட்டக்கூடாது.

சுவர்ப் பூஞ்சணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தால் கறுப்பு குறையும், வாடையும் குறையும். ஆனால் கூரைத் தகரம் ஒழுகுகிற வரைக்கும், சுவரில் ஈரம் ஊறுகிற வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும். அதற்கு மருந்து வினாகிரிப் போத்தலில் இல்லை. கூரையைத் திருத்தக் கேட்பதில்தான் இருக்கிறது. அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

செய்யாத வேலைகள்

வினாகிரியைக் கிருமிநாசினி என்று நம்பாதீர்கள். சில கிருமிகளைக் கொல்லும், உண்மை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு வயிற்றோட்டம் என்றால், கக்கூசை வினாகிரியால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அப்போது தேவை சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, கொதித்தாறிய தண்ணி குடிப்பது, சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவில் குளோரீன் மருந்து போடுவது. பீலித் தண்ணிக்குள் வினாகிரி ஊற்றினால் தண்ணி சுத்தமாகாது. கொதிக்க வைத்தால்தான் சுத்தமாகும்.

புண்ணில் ஊற்றாதீர்கள். தீக்காயத்தில் ஊற்றாதீர்கள். கொழுந்தெடுத்து வெடித்த விரலில் தேய்க்காதீர்கள், எரியும். பால்குடிப் பிள்ளையின் உடம்பில் பூசாதீர்கள்.

சிமெந்துத் தரையைத் தினமும் வினாகிரியால் துடைக்கவேண்டாம். சிமெந்தில் சுண்ணாம்பு இருக்கிறது, புளிப்பு அதை மெல்ல மெல்லத் தின்னும். தோசைக்கல்லிலும் ஊறவைக்காதீர்கள். பழகிய கல் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும், அப்புறம் தோசை ஒட்டும்.

எனக்கு நடந்தது

இனி நான் வந்த விசயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

பல வருசங்களுக்கு முந்தி நான் வேலை செய்த பிள்ளைக் காம்பராவில், ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே சின்னக் கக்கூசு. நடுவில் ஒரு பலகைக் கதவு. அடுத்த நாள் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கோப்பையில் மஞ்சள் கறை. குளோரீன் தூளைக் கரைத்து ஊற்றினேன். கறை போகவில்லை. எனக்கு அவசரம். அலுமாரியில் வினாகிரிப் போத்தல் இருந்தது. "இது ஒன்றே இவ்வளவு சுத்தமாக்கும், அது ஒன்றே இவ்வளவு சுத்தமாக்கும், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு சுத்தமாகும்!" என்று நினைத்தேன். மிச்சமிருந்த வினாகிரி முழுவதையும் கொட்டினேன்.

மேலே குனிந்து நின்றவள்தான். முகத்தில் அறைந்த மாதிரி ஒரு வாடை. கண் எரிந்தது. நெஞ்சுக்குள் கத்தியால் கீறின மாதிரி இருமல். மூச்சு இழுக்க முடியவில்லை. தட்டுத்தடுமாறி வெளியே வந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தேனே, அப்போதுதான் நினைவு வந்தது. வாடை எனக்குப் பின்னாலேயே தூங்குகிற பிள்ளைகளிடம் வருகிறது.

கூட வேலை செய்த அக்கா ஓடிவந்தார். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளாகத் தூக்கிக்கொண்டு வெளியே புல்லில் கிடத்தினோம். திரும்பப் போனோம். திரும்பத் தூக்கினோம். கடைசிப் பிள்ளையைத் தூக்கியபோது அது இருமிக்கொண்டிருந்தது. சன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டோம். கடவுள் புண்ணியம், ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நாலைந்து நாள் நெஞ்செரிச்சலும் இருமலும் இருந்தது.

அன்று பின்னேரம் தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "டீச்சர், ஏன் கண்ணு செவந்திருக்கு?" என்று ஒருவர் கேட்டார். "தூசி" என்றேன். அந்தப் பொய் இன்றைக்கு வரைக்கும் எனக்கு உறுத்துகிறது. அந்தத் தாய்க்கு உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் வீட்டிலும் இப்படிச் செய்யாமல் இருந்திருப்பார். அதனால்தான் இப்போது போகிற தோட்டமெல்லாம் சொல்கிறேன்.

அன்று அந்தக் கோப்பையில் இருந்து வந்தது குளோரீன் வாயு. குளோரீன் தூளிலும், குளோரொக்ஸ் மாதிரித் திரவத்திலும் குளோரீன் அடைபட்டுக் கிடக்கிறது. புளிப்பு பட்டதும் அது வாயுவாகக் கிளம்பிவிடும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி, முதலாம் உலக யுத்தத்தில், பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அங்கே சிலிண்டர் சிலிண்டராகத் திறந்தார்கள். நம் வீட்டில் வருவது கொஞ்சம்தான். ஆனால் நம் வீடும் சின்னது.

லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பல வீடுகளில் ஒரு கதவு, ஒரு சின்னச் சன்னல். குளிருக்கு அதையும் சாத்திவைக்கிறோம். குளோரீன் காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, தரையோடு படியும். தரையில் யார் இருப்பார்கள்? தவழுகிற பிள்ளையும், பாயில் படுத்திருக்கிற வயசான அம்மாயியும்தான்.

ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குளோரீன் தூள், குளோரொக்ஸ், வெளுக்கிற மருந்து எதுவானாலும், அதோடு வினாகிரி சேர்க்கக்கூடாது. எலுமிச்சங்காய் சேர்க்கக்கூடாது. கக்கூசு கழுவுகிற அமிலத் திரவமும் சேர்க்கக்கூடாது. அது வினாகிரியைவிடக் கடும் புளிப்பு, இன்னும் வேகமாக வாயு கிளம்பும். ஒன்றைப் பாவித்தால், தண்ணி ஊற்றி ஊற்றி நன்றாகக் கழுவிவிட்டு, மற்றதை இன்னொரு நாள் பாவியுங்கள்.

தவறிக் கலந்துவிட்டால், நின்று பார்க்காதீர்கள். மேலே தண்ணி ஊற்றப் போகிறேன் என்று திரும்பிப் போகாதீர்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் தூக்கிக்கொண்டு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். கதவைத் திறந்து விட்டுவிடுங்கள். கண் எரிந்தால் நல்ல தண்ணியால் கழுவிக்கொண்டே இருங்கள். மூச்சு இழுத்தால், இருமல் நிற்காவிட்டால், ஆஸ்துமா உள்ளவர் என்றால், ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், அது இலவசம்.

இன்னொரு போத்தல்

முடிக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு விசயம். வினாகிரியில் 100க்கு 4, 5 பங்குதான் அமிலம் என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா?

கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலையும் உண்டு, றப்பரும் உண்டு. றப்பர்ப் பாலை உறையவைக்க ஸ்டோரில் அமிலம் பாவிப்பார்கள். போமிக் அமிலம் அல்லது அசற்றிக் அமிலம். தண்ணி கலக்காத அசற்றிக் அமிலமும் வினாகிரியும் பெயரில் சொந்தக்காரர். வாடையும் கொஞ்சம் ஒரே மாதிரி. அதனால், "இது நல்ல ஸ்ட்ரோங்கான வினாகிரி, கக்கூசுக்கு நல்லது" என்று யாராவது சின்னப் போத்தலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல மனதோடுதான் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அது கையில் பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். விழுங்கினால் தொண்டையும் குடலும் வெந்துவிடும். கடையில் எசன்ஸ் என்று விற்கிற கடும் அமிலமும் இப்படித்தான். தண்ணி சேர்த்து நாமே வினாகிரி செய்துகொள்ளலாம் என்று வீட்டில் இறங்கவேண்டாம்.

அதைவிட மோசம் அதை ஊற்றிவைக்கிற போத்தல். சோடாப் போத்தல், தண்ணிப் போத்தல், சாராயப் போத்தல். பள்ளிக்கூடம் விட்டுத் தாகத்தோடு ஓடிவருகிற பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான். இருட்டில் களைத்து வருகிற மனுசனுக்குச் சாராயப் போத்தல் என்றால் சாராயம்தான். அதேபோல, மருந்தடிக்கிற வெற்றுப் போத்தலைக் கழுவி அதில் வினாகிரி ஊற்றிவைக்கவும் கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் அந்த விசம் முழுசாகப் போகாது.

அமிலம் மேலில் பட்டால் உடனே பீலிக்கு ஓடுங்கள். ஓடுகிற தண்ணியில் குறைந்தது 20 நிமிடம் பிடியுங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றுங்கள். கண்ணானால் இமையைத் திறந்து பிடித்து அதே 20 நிமிடம் கழுவுங்கள். அதற்கு மேல் சாம்பல், அப்பச்சோடா, பற்பசை, எண்ணெய் என்று ஒன்றும் பூசாதீர்கள். விழுங்கிவிட்டால் விரல் போட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது வெந்த தொண்டை, வரும்போது மறுபடி வேகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போத்தலைப் பார்த்தால்தான் டாக்டருக்கு என்ன மருந்து என்று தெரியும். யார் கொடுத்தது, எங்கே இருந்து வந்தது என்று மறைக்க நினைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்த நேரத்தில் மானம் பெரிதில்லை, உயிர்தான் பெரிது.

இன்று இரவு செய்யவேண்டியது

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், ரொட்டி சுடுவதற்கு முந்தி, ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள எல்லாப் போத்தலையும் வெளியே எடுத்து வையுங்கள். பெயர் தெரியாத போத்தலை நுகர்ந்து பார்க்காதீர்கள், வாயில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் சொல்லுங்கள், பாதுகாப்பாக என்ன செய்வதென்று அவர் சொல்வார். வினாகிரியை அதன் சொந்தப் போத்தலிலேயே வையுங்கள். அடுப்படியில் சமையல் சாமானோடு இருக்கட்டும். குளோரீன் தூளும் கக்கூசு கழுவுகிற திரவமும் இன்னொரு பக்கம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டாம். அவசரத்தில் கை தானாகப் போகும். என் கை போனதே.

வினாகிரி நல்ல சாமான்தான். பிளாஸ்க்குக்கு ஊற்றுங்கள், கத்திக்கு ஊற்றுங்கள், மெத்தையைத் துடையுங்கள். கறிச்சட்டிக்கு அடுப்புச் சாம்பலை மறக்காதீர்கள். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. எதையும் எதோடும் கலக்காதீர்கள்.

சத்தமாக ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவோம், பின்னால் நிற்கிற அண்ணன்மாரும் சேர்ந்து: கலக்கமாட்டோம்!

நல்லது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பத்திரமாகப் போய்வாருங்கள்.